ஒரு மாட்டிலிருந்து பல கன்றுகள்: சினைமுட்டை எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர். மாட்டிலிருந்து சினைமுட்டை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறு மாட்டின் கருப்பையில் வைக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். இது பற்றி மாடு வளர்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பெருந்துறை பக்கத்திலிருந்து ஒருவர்: டாக்டர், ஊசியை உள்ளே விட்டு முட்டை எடுக்கிறார்களாமே, மாட்டுக்கு வலிக்காதா? அதற்கப்புறம் அது சினை பிடிக்குமா?

பிடிக்கும். முதலில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், பயம் பாதி குறையும்.

மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, வாலின் அடியில் லிக்னோகெய்ன் மரப்பு ஊசி போடுவோம். ஐந்து மில்லி போதும். அந்தக் குத்தலுக்கு மாடு ஒரு துள்ளு துள்ளும். சில நிமிடத்தில் வால் துணி மாதிரி துவண்டுவிடும். வாலைத் தூக்கி விட்டுப் பார்த்து, அது தன் பலத்தில் அசையவில்லை என்றால்தான் நான் கையுறை மாட்டுவேன். சாணத்தை வெளியே எடுத்து, பின்புறத்தைக் கழுவித் துடைத்தபின், ஒரு கை ஆசனவாய் வழியாகப் போய் சினைப்பையைப் பிடிக்கும். சினை பார்க்கிற அதே கைதான். இன்னொரு கையில் நீளக் கைப்பிடி வைத்த ஸ்கேன் கருவி, பிறப்பு வழியில் இருக்கும். சினைப்பையைக் கருவியின் முனையோடு அணைத்துப் பிடித்தால், திரையில் கருப்புக் கருப்பாக வட்டங்கள் தெரியும். ஒவ்வொரு வட்டமும் ஒரு நீர்க்கொப்புளம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள கொப்புளங்களைக் குறிவைத்து மெல்லிய ஊசியை நகர்த்தி, காலால் பெடலை மிதித்தால் பம்பு உறிஞ்சும். திரையில் அந்த வட்டம் சுருங்கி மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உறிஞ்சிய நீர் உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் குழாய்க்குள் விழும். ரத்தம் கலந்தால் உறையாமலிருக்க ஹெபாரின் சேர்த்திருப்போம்.

எல்லாம் சேர்த்து இருபது, முப்பது நிமிடம். பல மாடுகள் நடுவிலேயே அசைபோடத் தொடங்கிவிடும். ஆனால் பழகாத கை கண்ட இடத்தில் குத்தினால் சினைப்பையில் தழும்பு விழும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஆகையால், எடுக்கப்போகிறவர் இதுவரை எத்தனை மாடுகளில் எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்: எங்கள் காலத்தில் ஹார்மோன் ஊசி போட்டு, சினை ஊசி போட்டு, ஏழாம் நாள் கருப்பையை அலசிக் கருவை எடுத்தார்கள். அதில் என்ன குறை?

குறை என்று சொல்ல மாட்டேன் சார். அந்த முறையில் கிடைக்கும் கரு உறைநிலையைத் தாங்குவதில் இன்றும் ஆய்வகக் கருவைவிடக் கெட்டி. ஆனால் நான்கு நாள், காலை மாலை என்று எட்டு எப்.எஸ்.எச். ஊசி போட வேண்டும். ஒரு மாடு பத்துக் கரு தரும், பக்கத்து மாடு ஒன்றும் தராது. மறுபடி அலச ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

முட்டையை நேரடியாக எடுக்கும் முறையை 1988-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆராய்ச்சியாளர்கள் மாட்டில் செய்து காட்டினார்கள். இதில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், ஹார்மோன் இல்லாமலும் எடுக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சினை மாட்டிலும் எடுக்கலாம். உலக அளவில் 2016 வாக்கில் ஆய்வகக் கருக்களின் எண்ணிக்கை அலசி எடுத்த கருக்களைத் தாண்டிவிட்டது.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: என்னிடம் ஒரு கிர், ஒரு எச்.எப். கலப்பினம். எதில் அதிக முட்டை கிடைக்கும்?

பெரும்பாலும் கிர்தான். திமில் உள்ள நம் மாடுகளின் சினைப்பையில் கொப்புளங்கள் அதிகம். எச்.எப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் சீமை மாட்டில் ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முட்டை என்றால், கிர், சாஹிவால் மாடுகளில் பதினைந்து, இருபது என்பது சாதாரணம். ஆய்வகக் கரு உற்பத்தியில் பிரேசில் முன்னணிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே மேய்கிற நெலோர் மாடுகள் இங்கிருந்து போன ஓங்கோல் வம்சம். பெயரிலேயே நெல்லூர் இருக்கிறது.

ஆனால் இனத்தைவிட மாட்டுக்கு மாடு வித்தியாசம் பெரிது. ஒரே இனத்தில் ஒன்று ஐந்து தரும், ஒன்று நாற்பது தரும். குறைவாகத் தருகிற மாடு அடுத்த முறையும் ஏறக்குறைய அப்படித்தான் தரும். முதலில் ஸ்கேன் வைத்துக் கொப்புளங்களை எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. இருபது முட்டை எடுத்தால் ஏழாம் நாள் கையில் நிற்பது ஐந்து முதல் ஏழு கரு. அவற்றை வைத்தால் இரண்டோ மூன்றோ சினை. இருபது முட்டைக்கு இருபது கன்று என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கால்நடைக் கல்லூரி மாணவர் ஒருவர்: ஆய்வகத்தில் அந்த ஏழெட்டு நாள் என்ன நடக்கிறது?

தம்பி, இது எனக்குப் பிடித்த பகுதி.

எடுத்த நீரை வடிகட்டி, அடியில் தங்குவதை வட்டத் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியில் தேடுவோம். நல்ல முட்டையைப் பார்த்தால் ஜவ்வரிசியைச் சுற்றி ரவை அப்பியதுபோல் இருக்கும். அந்த ரவைதான் கியூமுலஸ் செல்கள். அவை மூன்று நான்கு அடுக்காக ஒட்டியிருந்தால் மனசு நிறையும். மொட்டையாகக் கிடக்கும் முட்டையில் பெரிய நம்பிக்கை வைக்க முடியாது.

முட்டை முதலில் முதிர வேண்டும். 38.5 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நல்ல ஈரப்பதம், 22 முதல் 24 மணி நேரம். முதிர்ந்ததும் கியூமுலஸ் செல்கள் விரிந்து பஞ்சுபோல் பரவும். மறுநாள் உறைவிந்துக் குச்சியை, அதாவது உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழலை, உருக்கி, உயிருள்ள விந்தணுக்களைப் பிரித்து முட்டையோடு சேர்ப்போம். அதற்கு மறுநாள் செல்களை உதிர்த்துவிட்டு, ஆக்சிஜனை 5 சதவீதத்துக்குக் குறைத்து வளர்க்கிறோம். காற்றில் இருக்கும் 21 சதவீதம் கருவுக்கு அதிகம். கருப்பைக்குள்ளும் அவ்வளவு கிடையாது.

இரண்டு செல், நான்கு, எட்டு என்று போகும். எட்டிலிருந்து பதினாறு செல் ஆகும் கட்டத்தில் கன்றின் சொந்த மரபணுக்கள் வேலையைக் கையில் எடுக்கின்றன. அதுவரை முட்டைக்குள் தாய் சேமித்து வைத்த சரக்கில்தான் ஓட்டம். மோசமான முட்டையில் உருவான கரு பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகும். விந்து சேர்த்த ஏழாம் நாள் நடுவில் நீர் கோத்த, பிளாஸ்டோசிஸ்ட் என்கிற நிலைக் கரு தெரிந்தால், கரு மாட்டுக்குப் போகத் தயார். மாட்டில் ஆய்வகத்தில் விந்து சேர்த்துப் பிறந்த முதல் கன்று 1981-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். எருமையில் முதல் கன்று 1990-இல் நம் ஹரியானா கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், பெயர் பிரதம்.

தாராபுரத்திலிருந்து ஒருவர்: காங்கேயம் கருவை ஜெர்சி கலப்பின மாட்டில் வைத்தார்கள். கன்று செவலையாகப் பிறந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்படாதீர்கள். காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும். ஆறு மாதம் ஆக ஆக நிறம் மாறும், நீங்களே பார்த்திருப்பீர்கள். சுமக்கும் மாட்டின் மரபணு ஒரு துளிகூடக் கன்றுக்குப் போவதில்லை. அது தருவது இடமும் ஊட்டமும் சீம்பாலும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சீம்பால் உள்ளே போயிருந்தால் சரி. சந்தேகம் தீரவில்லை என்றால் டி.என்.ஏ. சோதனையில் தாய் தகப்பனை உறுதி செய்துகொள்ளலாம்.

இன்னொன்று: கன்றின் உடம்பு அளவைக் கருவின் இனமே பெரும்பாலும் தீர்மானிக்கும். எச்.எப். கருவை சின்ன உம்பளாச்சேரிக் கிடேரியில் வைக்காதீர்கள், ஈனும்போது தவித்துப்போகும்.

சேலத்திலிருந்து ஓர் அக்கா: மூன்று மாடுகளில் கரு வைத்தோம், மூன்றும் நிற்கவில்லை. கரு சரியில்லையா?

அக்கா, கரு காரணமாக இருக்கலாம். ஆனால் நான் முதலில் சுமக்கும் மாட்டைத்தான் பார்ப்பேன்.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பண்ணையில் ஆறு மாடுகளில் கரு வைத்தேன். சினைப்பருவத் தேதிகள் நோட்டில் எழுதியிருந்தன, அதை நம்பி ஸ்கேன் செய்யாமல் வைத்துவிட்டேன். மறுநாள் மனசு கேட்காமல் திரும்பப் போய் ஸ்கேன் போட்டேன். மூன்று மாடுகளில் கார்பஸ் லூட்டியம் என்கிற மஞ்சள் திரட்சியே இல்லை. கொப்புளம் வெடித்து முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகி, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரப்பது அதுதான். அது இல்லாத மாட்டில் தங்கமான கருவை வைத்தாலும் நிற்காது. அந்த ஆறில் ஒன்றுகூட நிற்கவில்லை. அன்றிலிருந்து ஸ்கேன் பார்க்காமல் ஒரு கருவும் வைப்பதில்லை.

ஏழு நாள் வயதுக் கருவுக்கு, பருவம் வந்து ஏழு நாளான மாடு வேண்டும். ஒரு நாள் முன்பின் பரவாயில்லை, இரண்டு நாள் தள்ளினால் வீண். மஞ்சள் திரட்சி வலப்பக்கச் சினைப்பையில் இருந்தால் கருப்பையின் வலப்பக்கக் கொம்பில்தான் வைக்க வேண்டும். வைக்கும்போது கை தடுமாறி கருப்பையின் உட்சுவரில் கீறல் விழுந்தாலும் போச்சு. அப்புறம் மாட்டின் உடம்பு: விலா எலும்பு எண்ணும்படி இருக்கிற மாடும் வேண்டாம், கொழுத்ததும் வேண்டாம். கரு வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பே தாது உப்புக் கலவையும் பசுந்தீவனமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். வைத்த பிறகு ஒரு மாதம் கட்டுத்தறியை மாற்றாதீர்கள், தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள், லாரியில் ஏற்றாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் புதுக் கரு நூற்றுக்கு நாற்பது, ஐம்பது நிற்கும். உறைய வைத்தது இன்னும் குறையும். முப்பதாம் நாள் சினை என்று சொன்ன மாட்டில் அறுபதாம் நாள் இல்லாமல் போவதும் ஆய்வகக் கருவில் கொஞ்சம் அதிகம், மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாடு என்பது முடிவு கட்ட மிகச் சின்னக் கணக்கு.

கரூரிலிருந்து ஒருவர்: எல்லாமே கிடேரியாகப் பிறக்க வைக்க முடியுமா?

பாலினம் பிரித்த விந்து போட்டால் பத்தில் ஒன்பது கிடேரி. ஒரே குச்சியைப் பல மாடுகளின் முட்டைகளுக்குப் பங்கிடலாம் என்பதால் இந்த முறைக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் கரு எண்ணிக்கை கொஞ்சம் குறையும், எந்தக் காளை என்பதைப் பொறுத்து.

திருப்பூரிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் ஊரில் பேர்போன காங்கேயம் பசு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து நூறு கன்று எடுத்தால் இனம் தழைக்கும்தானே?

உங்கள் அக்கறை புரிகிறது தம்பி, ஆனால் இதில் எனக்குப் பயம் உண்டு. ஒரே பசு, ஒரே காளை, நூறு கன்று என்றால் அடுத்த தலைமுறையில் அத்தனையும் அண்ணன் தங்கை. அவற்றுக்குள்ளேயே இணை சேர்ந்தால் சினை பிடிப்பது குறையும், கன்று சாவது கூடும். எண்ணிக்கை ஏறும், உள்ளே இனம் மெலியும். இருபது பசுக்களில் ஐந்தைந்து கன்று, வேறு வேறு காளைகளோடு எடுங்கள். அழகை மட்டும் பார்த்துப் பசுவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை ஈத்து, இரண்டு ஈத்துக்கு நடுவே எத்தனை மாதம், பால் எவ்வளவு, மடி நோய் வந்ததா, எல்லாம் எழுத்தில் வேண்டும். சந்தையில் பெயர் வாங்கிய பசுவைவிட, சத்தமில்லாமல் பத்து ஈத்து ஈன்ற பசு எனக்கு உசத்தி. கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோயான புருசெல்லோசிஸுக்குச் சோதனை செய்யாமல் எந்தப் பசுவிலும் கை வைக்காதீர்கள்.

அரசு உதவி உண்டா என்று பலர்

நாட்டு மாட்டினங்களுக்காக மத்திய அரசு 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷனின் கீழ், இந்த முறையில் உறுதியான ஒவ்வொரு சினைக்கும் 5,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போது உங்கள் மாவட்டத்தில் நடக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

மணப்பாறையிலிருந்து ஓர் அம்மா: என் கிர் மாடு போன ஈத்தில் நஞ்சுக்கொடி தங்கி ரொம்பக் கஷ்டப்பட்டது. அதன்பிறகு எட்டு ஊசி போட்டும் சினை இல்லை. பதினான்கு லிட்டர் கறந்த மாடு. அடிமாட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

கொடுக்காதீர்கள் அம்மா. சீழ் பிடித்துக் கருக்குழாய் அடைத்திருக்கலாம், கருப்பை புண்பட்டிருக்கலாம். சினைப்பை நன்றாக இருந்தால் முட்டை இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும். நாம் எடுப்பது சினைப்பையிலிருந்து நேராக, குழாய் அடைப்பு குறுக்கே வராது. அதன் கன்றை வேறு மாடு சுமக்கட்டும்.

முதலில் கருப்பையில் புண் இருந்தால் வைத்தியம் பார்த்து ஆற்றுங்கள். பிறகு ஸ்கேன். கோடையில் மட்டும் எடுக்க வேண்டாம். இன்று எடுக்கிற முட்டை இரண்டு மூன்று மாதம் முன்பே வளரத் தொடங்கியது, சித்திரை வெயிலின் பாதிப்பு ஆடி வரை அதில் இருக்கும். அதுவரை நிழலில் கட்டி, தண்ணீர் தாராளமாக வைத்து, தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள். புரட்டாசிக்கு மேல் எடுக்கலாம். ஸ்கேனை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள், வியாபாரியிடம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.