சர்வர் படுத்தாலும் அலுவலக போன் ஒலிக்க என்ன வழி?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மருத்துவப் பொருள்களை மொத்தமாக விற்கும் அலுவலகம் நடத்துகிறோம். கணினி நெட்வொர்க்கில் ஓடும் 14 ஐபி போன்கள், அவற்றுக்கு எக்ஸ்சேஞ்சாக ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் ஓடும் ஒரு சர்வர், ஃபைபர் இணைப்பு. போன மாதம் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய், அரை நாள் போன் இல்லை. அழைத்தவர்களுக்கு மணிகூடக் கேட்கவில்லையாம். அரை நிமிடம் அமைதி, அப்புறம் அழைப்பு அறுந்துவிட்டதாம். செல்போனுக்கு ஃபார்வர்ட் போட்டிருந்தோம், அதுவும் வேலை செய்யவில்லை. இரண்டாவது சர்வர் வாங்கச் சொல்கிறார் எங்கள் கணினிக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றில் பாதிக்குப் பைசா செலவில்லை.

நீங்கள் சொன்ன அந்த அரை நிமிட அமைதியிலேயே காரணம் தெரிகிறது. உங்கள் 031 எண்ணுக்கு வரும் அழைப்பை போன் நிறுவனம் உங்கள் சர்வருக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. இணையம் வழி அழைப்புகளை இணைக்கும் எஸ்ஐபி நெறிமுறையில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 32 வினாடி. பதில் வராவிட்டால் துண்டித்துவிடும். சர்வர் அவ்வப்போது போன் நிறுவனத்திடம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன்னைப் பதிவு செய்துகொள்ளும் முறையாக இருந்தால், பதிவு காலாவதியானதும் போன் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்துவிடும். அரை நாளும் இப்படியே நடந்தது என்றால், அழைப்பு உங்கள் நிலையான ஐபி முகவரிக்கு நேராக வரும்படி அமைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த முறையில் சர்வர் செத்தது அவர்களுக்குத் தானாகத் தெரியாது. அதனால் பதிவு செய்யும் முறைக்கு மாறுங்கள்.

ஃபார்வர்ட் ஏன் கைவிட்டது? அதைப் போட்டது சர்வருக்குள். சர்வர் போனதும் அதுவும் கூடவே போய்விட்டது. திருப்பிவிடுவது போன் நிறுவனத்தின் பக்கத்தில் நடக்க வேண்டும். இன்றே அவர்களைக் கூப்பிட்டு இரண்டு ஏற்பாடு கேளுங்கள்: சர்வரை எட்ட முடியாவிட்டால் உடனே இன்னொரு எண்ணுக்கு மாற்றுவது, சர்வர் அழைப்பை வாங்கிக்கொண்டும் 25 வினாடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் மாற்றுவது. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். டிஸ்க் கெட்ட சர்வர் பல நேரம் முழுதாகச் சாவதில்லை. அழைப்பை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கும்.

மாற்று எண்ணாக ஒரே செல்போனைக் கொடுக்காதீர்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்த அழைப்பு அவருடைய வாய்ஸ்மெயிலில் போய் விழும். மூன்று செல்களை வரிசையாகக் கொடுங்கள். வோடாகாம் ஒன்று, எம்டிஎன் ஒன்று என்று நெட்வொர்க் கலந்திருக்கட்டும். லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023-இல் டவர் பேட்டரிகள் தீர்ந்து, செல்போன் சேவையும் செத்துப்போனதை நாம் எல்லோருமே பார்த்தோம். திருப்பிவிட்ட அழைப்பின் செல் கட்டணம் உங்கள் பில்லில் வரும், அதையும் கேட்டுவையுங்கள்.

அடுத்து, மேசை போன்கள். ஒரு போனின் ஐபி முகவரியை பிரவுசரில் அடித்து அக்கவுண்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் முதல் சர்வர், இரண்டாவது சர்வர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவது காலியாகக் கிடக்கும். பக்கத்திலேயே பதிவுக் காலம், அநேகமாக 3600 வினாடி என்று இருக்கும். அதாவது சர்வர் போன பிறகும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்வரை போன் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். அதை 120 ஆக்குங்கள். 14 போன்களுக்கு அது சர்வருக்கு ஒரு சுமையே இல்லை. இரண்டாவது கட்டத்தில் மாற்றுச் சர்வரின் முகவரி வந்தால்தான் போன்கள் அங்கே ஓடும்; அது இல்லாமல் இரண்டாவது சர்வர் வாங்கி வைத்தும் பயனில்லை.

இப்போது அந்தச் சர்வர். ஆஸ்டரிஸ்க்கை பிரவுசரில் நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால், தினமும் இரவில் பேக்கப் எடுத்து அதை இன்னொரு கணினியில் தானாகவே ஏற்றிவைக்கும் வசதி அதில் உண்டு. உங்கள் அளவுக்கு ஒரு சிறிய பழைய கணினியே போதும். ஒரே இடத்தில் கவனம் வேண்டும்: பேக்கப்பை ஏற்றும்போது டிரங்க் அமைப்பை, அதாவது போன் நிறுவனத்தோடு இணைக்கும் அமைப்பை, விலக்கிவிடச் சொல்லுங்கள். பதிவு செய்யும் முறைக்கு மாறியிருந்தால், இரண்டு சர்வரும் ஒரே கணக்கில் பதிவு செய்துகொண்டு, நல்ல நாளிலேயே அழைப்புகள் ஆளில்லாத சர்வருக்குப் போகத் தொடங்கும். இதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

இரண்டு சர்வரையும் ஒரே யுபிஎஸ்ஸிலும் ஒரே ஸ்விட்ச்சிலும் மாட்டினால் அது மாற்று ஏற்பாடே அல்ல. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், போன்களுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்ச் மூன்றும் பேட்டரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்துவிட்டு இவற்றை மறந்த அலுவலகங்கள் நிறைய. செல் நெட்வொர்க் வழியாக இணையம் தரும் ஒரு எல்டிஇ ரவுட்டரும் சேர்த்தால் ஃபைபர் அறுந்த நாளுக்கு உதவும்; ஆனால் அதன் வழியில் உங்கள் நிலையான ஐபி முகவரி உங்களோடு வராது. பதிவு செய்யும் முறைக்கு மாறச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளவுடுக்கே, அதாவது வேறொரு நிறுவனம் தன் சர்வரில் இணையம் வழி நடத்தும் போன் சேவைக்கே, போய்விடலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் பக்கம் நான்கு கடலடிக் கேபிள்கள் ஒரே சமயத்தில் பழுதாகித் தென்னாப்பிரிக்காவிலும் இணையச் சேவைகள் தடுமாறின. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சர்வரோடு பேச அந்தக் கேபிள்கள் தேவையில்லை.

போன் வேலை செய்யாத நேரத்திலும் அவசரத்துக்கு ஆள் கூப்பிட வேண்டிவரும். போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்லில் இருந்து 112. வரவேற்பு மேசையில் ஒட்டிவையுங்கள்.

எல்லாம் அமைந்ததும் ஒரு சனிக்கிழமை, கடை மூடியபின், சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். முறையாக ஷட்டவுன் செய்யாதீர்கள். பழுது அப்படிச் சொல்லிக்கொண்டு வராது. வெளியிலிருந்து 031 எண்ணை அழைத்து, செல் ஒலிக்க எத்தனை வினாடி ஆகிறது, மேசை போன்கள் எப்போது இரண்டாவது சர்வரில் ஏறுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். கேபிளை மறுபடி மாட்டியதும் போன்கள் தாமாக முதல் சர்வருக்குத் திரும்புகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். சில மாடல்களில் அதற்குத் தனி அமைப்பு உண்டு.