சிற்பமும் சுவரோவியமும் படிக்க நிற்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

பிளஸ் டூவில் கணிதப் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதியச் சொன்னால், 'பெரிய சிலை செய்யணும், கட்டடச் சுவரில் படம் வரையணும், அதைத்தான் படிப்பேன்' என்று நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 'இதில் சோறு கிடைக்குமா?' என்பது உங்கள் கேள்வி. கிடைக்கும். ஆனால் முதல் தேதி சம்பளம் என்ற கணக்கில் கிடைக்காது. ஒரு வேலைக்கு மொத்தமாகப் பணம் வரும், அப்புறம் சில மாதங்கள் ஒன்றுமே வராது. அதைத் தாங்க ஏற்பாடு இருக்கிறதா என்றுதான் நீங்களும் அவளும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். திறமை இருக்கிறதா என்பதை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேலரியில் மாட்டும் ஓவியத்தை வீட்டில் உட்கார்ந்து வரைந்துவிட்டு, பிறகு வாங்க ஆள் தேடலாம். பொது இடத்துக் கலை அப்படி நடக்காது. இடம் வேறொருவருடையது, பணம் வேறொருவருடையது, பார்க்கப்போவது பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள். மாநகராட்சி, ரயில்வே, மருத்துவமனை, கல்லூரி, ஐ.டி. கம்பெனி என்று யாராவது கூப்பிட வேண்டும். சிறு மாதிரி செய்து காட்ட வேண்டும், கொட்டேஷன் கொடுக்க வேண்டும், அதிகாரி மாறினால் மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும். பாதி வேலை கலைஞருடையது, மீதிப் பாதி சின்ன காண்டிராக்டருடையது. வரைவதில் கெட்டிக்காரர்களாக இருந்தும் இந்தக் காண்டிராக்டர் பாதி ஒத்துவராமல் விலகிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படிப்புக்கு வருகிறேன். ஓவியப் பிரிவா, சிற்பப் பிரிவா என்று மகள் குழம்புகிறாள் என்கிறீர்கள். என்னைக் கேட்டால் சிற்பம்தான். சுவரில் பெரிதாக வரைவதை அனுபவசாலி ஒருவரின் கீழே உதவியாளராக நின்றே கற்றுக்கொள்ளலாம். சிற்பத்தை அப்படிப் போகிற போக்கில் பிடிக்க முடியாது. இரும்புக் கம்பியில் உள்கட்டு கட்டி, களிமண் ஏற்றி, பிளாஸ்டரில் மோல்டு எடுத்து, அதில் ஃபைபரோ சிமெண்டோ வார்க்க வேண்டும். வெண்கலம் என்றால் மெழுகு வார்ப்பும் தெரிய வேண்டும். ஏழடி உருவத்துக்குக் கம்பிக் கட்டு பலமில்லையென்றால், மாலையில் நிமிர்ந்திருந்த தோள் காலையில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஈரத்துணி சுற்றி மூட மறந்தால் முகத்தில் வெடிப்பு விழும். இதையெல்லாம் செய்து பார்க்க இடம், சூளை, வெல்டிங் மெஷின், பக்கத்தில் நின்று 'இதைப் பிரிச்சுட்டு மறுபடி கட்டு' என்று சொல்ல ஒரு ஆசிரியர் எல்லாம் வேண்டும். வீட்டு மாடியில் இது நடக்காது.

சென்னையில் பெரியமேடு பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை அங்கேதான் முதல்வர். சிலை திறக்கப்பட்டது 1959-ல். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. வெண்கல வார்ப்புக்குப் பேர்போன சுவாமிமலை பக்கத்திலேயே இருப்பது அங்கே படிப்பவர்களுக்குக் கிடைக்கும் உபரி லாபம். இரண்டிலும் நான்கு வருடப் பட்டப்படிப்பு. மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்க்க மாட்டார்கள், நேரில் செய்துகாட்டும் தேர்வு உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம் என்பதால், நீங்கள் இன்ஜினியரிங்குக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி கையில் நிற்கும். அதைச் செலவழித்துவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி வேறு வழி. கல், சுதை, மரம், உலோகம், எல்லாம் மரபு முறையில், சிற்ப சாஸ்திர அளவுகளோடு. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையை வடிவமைத்த கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியை நடத்தியவர். கோயில் வேலையில் மனம் போகிறதென்றால் அங்கே சேரட்டும், வெளிநாட்டுக் கோயில்கள் வரை வேலை இருக்கிறது. ஆனால் உங்கள் மகள் அனுப்பிய படங்களில் மீன் விற்கும் அம்மாவும் ஆட்டோ ஸ்டாண்டும்தான் இருக்கின்றன. அவளுக்குச் சென்னையோ கும்பகோணமோதான் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு வெளியே போக முடியுமானால் குஜராத்தின் பரோடா பல்கலைக்கழகமும் மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனும் சிற்பத்துக்கு நல்ல இடங்கள். முதுகலைக்கு அங்கே முயற்சி செய்யலாம்.

சரி, பணம். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 40 அடி அகலம், 30 அடி உயரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவர். 1,200 சதுர அடி. சதுர அடிக்கு 150 ரூபாய் என்று பேசினால் 1,80,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கும். அதில் பிரைமர், வெளிச்சுவர் எமல்ஷன், மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு, சாரத்து வாடகை, இரண்டு உதவியாளர் கூலி, தங்க, சாப்பிட, போக்குவரத்து என்று லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விடும். மொத்த பில்லில் டி.டி.எஸ். என்ற வருமான வரிப் பிடித்தம் வேறு. சுவரில் மூன்று வாரம் என்றால், டிசைன் ஒப்புதலுக்கு அதற்கு முன்னால் ஒரு மாதம், பில் பாஸாக அதற்குப் பின்னால் இரண்டு மூன்று மாதம். வருடத்தில் எத்தனை சுவர் கிடைக்கும் என்பதை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். முதல் சில வருடங்களில் வருமானம் ஒரு சாதாரண அலுவலகச் சம்பளத்துக்குக் கீழேதான் இருக்கும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் சுவர்தான். டிசைனைக் காட்டுமுன் சுவரைக் கையால் தட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும். பூச்சு விட்டிருந்தால் சத்தம் மாறும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதன்மேல் எந்த கம்பெனி பெயிண்ட் அடித்தாலும் உரிந்து வரும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கசிகிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும். மேற்குப் பார்த்த சுவரென்றால் மதிய வெயில் முழுக்க அதில்தான் விழும், சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். சுவரைச் சரிசெய்வது யார் செலவு என்று முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் அது கலைஞர் தலையில்தான் விடியும்.

எழுதி வாங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் மகள் கல்லூரி முடிப்பதற்குள் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளையாவது படித்துவிட வேண்டும். 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. நாளைக்கு அதே படத்தை அவர்கள் காலண்டரில் போட்டாலும் கேட்க முடியாது. சிற்பம் அந்த வரியில் இல்லை, ஆனால் அரசுக்காகச் செய்யும் படைப்புக்குத் தனி விதி இருக்கிறது. 57-வது பிரிவு இதற்கு நேர்மாறானது. உரிமையை விற்றுவிட்டாலும், படைப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுத்தால் கேட்கும் உரிமை கலைஞரிடமே இருக்கும் என்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியில் அரசு மாநாட்டு அரங்கான விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றி கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஜெயித்தார், ஆனால் இருபத்தாறு வருடம் கழித்து. அதனால்தான் பராமரிப்பு யாருடையது, எடுப்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், முன்பணம் எவ்வளவு, மாதிரி ஒப்புதலில் எவ்வளவு, வார்ப்பு முடிந்ததும் எவ்வளவு என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும் என்கிறேன்.

வேலை எங்கே வரும்? தலைவர் சிலைகள்தான் இங்கே பழைய சந்தை. 2013-ல் உச்ச நீதிமன்றம் பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உத்தரவிட்டிருப்பதால், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். சுவரோவியத்துக்கு இப்போது நல்ல காலம். 2020-ல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பும் ஏஷியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து செய்த வேலையைப் போய் நேரில் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வாய்ப்பு இப்படிப்பட்ட திட்டங்களில் உதவியாளராகத்தான் வரும், அதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம்.

வேலை இல்லாத மாதங்களுக்குத் துணை வருமானம் வேண்டும். சினிமா செட்டில் மோல்டிங், கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலிங், பள்ளியில் ஓவிய ஆசிரியர், முதுகலையும் நெட் தேர்வும் முடித்தால் கல்லூரி ஆசிரியர். களிமண்ணில் கை பழகியவர்கள் முப்பரிமாண மாடலிங்கைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டம் முடித்ததும் மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு 18 முதல் 25. சென்னை கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன. சொந்தப் பட்டறை போட வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

'பொம்பளைப் பிள்ளை சாரத்தில் ஏறுவதா' என்று அவளுடைய அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆண் பிள்ளை விழுந்தாலும் எலும்பு முறியத்தான் செய்யும். பாதுகாப்பு பெல்ட், ஹெல்மெட், காப்பீடு, வேலையிடத்தில் கழிப்பறை ஆகியவற்றைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். உயரத்தைவிட எனக்குக் கவலை மூச்சில்தான். ஃபைபர் ரெசின் வாடையும் கல் அறுக்கும் தூசியும் வருடக்கணக்கில் நுரையீரலில் சேரும். துணி கட்டிக்கொள்வது போதாது, வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்.

அந்த இன்ஜினியரிங் பணத்தை அவள் பெயரில் வங்கியில் போட்டுவையுங்கள். நான்கு வருடம் கழித்து ரெசினுக்கும் கம்பிக்கும் முன்பணம் போடவும், பில் வரும்வரை வாடகை கட்டவும் அது வேண்டியிருக்கும். இந்த வருட விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் தேதியைப் பார்த்து, சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் விண்ணப்பியுங்கள். அதுவரை தினமும் ஒரு மணி நேரம் ஆளைப் பார்த்து வரையட்டும், போட்டோவைப் பார்த்து வேண்டாம். களிமண்ணுக்குப் பக்கத்துக் குயவரிடம் கேட்டால் கொடுப்பார். நேரில் வரும்போது அவளுடைய வரைபுத்தகங்களைக் கொண்டுவாருங்கள், கிறுக்கிப் பாதியில் விட்ட பக்கங்களையும் கிழிக்காமல்.