ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணல்: வாசகர் கேள்வி-பதில்

"இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?" என்று மட்டும் எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. எந்த நிறுவனம், எந்தத் துறை, என்ன படிப்பு என்பதையாவது எழுதுங்கள்.

டி.ஐ.எஃப்.ஆர். (மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) இயற்பியல் நேர்காணலுக்கு எல்லாப் பாடங்களையும் படிக்க வேண்டுமா? (திருநெல்வேலி)

வேண்டாம். எந்தப் பாடத்தில் தொடங்கலாம் என்று பெரும்பாலும் உங்களையே கேட்பார்கள். இரண்டு பாடங்களை அடிவரை படியுங்கள். கெத்தாக "குவாண்டம்" என்று சொல்லிவிட்டு, ஒற்றைப் பரிமாணத்தில் ஈர்க்கும் டெல்டா பொடென்ஷியலுக்கு (ஒரே புள்ளியில் மட்டும் இழுக்கும் விசைப்புலம்) எத்தனை பௌண்ட் ஸ்டேட் (துகள் கட்டுண்டு நிற்கும் நிலை) என்றால் முழிக்கக் கூடாது (ஒன்றுதான்). சைன் x-ஐ x-ஆல் வகுத்தால் வரும் வரைபடத்தைப் போடச் சொன்னால், சுழியில் மதிப்பு 1 என்பதிலிருந்து தொடங்குங்கள். வாயால் சொல்லாதீர்கள், போர்டில் எழுதுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவள். ஆங்கிலம் தடுமாறும். (தருமபுரி)

தடுமாறட்டும். ஆங்கிலத்துக்கு அங்கே மார்க் கிடையாது. வார்த்தை வராவிட்டால் படம் போடுங்கள், சமன்பாடு எழுதுங்கள். கேள்வி புரியாவிட்டால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள், இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.

எம்.எஸ்சி.யில் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் ப்ராஜெக்ட் செய்தேன். அதைப் பற்றி எப்படிப் பேசினால் மதிப்பெண் கிடைக்கும்? (சேலம்)

"செய்தேன்" என்கிறீர்கள். சாம்பிளை வெளியே அனுப்பி, வந்த எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) படத்தை ஒட்டி, முடிவுரையை சீனியரின் தீசிஸிலிருந்து எடுத்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் உட்கார்ந்த நேர்காணல் குழுக்களில் இப்படி வந்தவர்கள் ஏராளம். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்தவர்களும் உண்டு. முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

துகளின் அளவு 20 நானோமீட்டர் என்பீர்கள். எப்படித் தெரியும்? ஷெரர் சமன்பாடு (எக்ஸ்.ஆர்.டி. படத்தில் எழும் முகடான பீக்கின் அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடுவது). சரி, துகள் சிறிதானால் பீக் ஏன் அகலமாகிறது? சமன்பாட்டில் போடும் அந்த 0.9 எங்கிருந்து வந்தது? கருவியே கொடுக்கும் அகலத்தைக் கழித்தீர்களா? 100 நானோமீட்டருக்கு மேல் போனால் இந்த முறை ஏன் தடுமாறுகிறது? அதில் கிடைப்பது படிகத்தின் அளவா, துகளின் அளவா? இரண்டும் ஒன்றல்ல, ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால் உங்கள் ப்ராஜெக்ட் எவ்வளவு சாதாரணமானது என்றாலும் கவலையில்லை. தெரியாவிட்டால் அது எந்த ஜர்னலில் வந்திருந்தாலும் பயனில்லை. மாணவர்களை மட்டும் குறை சொல்லவில்லை. கருவியைக் கண்ணில் காட்டாமலே கையெழுத்துப் போடும் கைடுகளுக்கும் இதில் பங்குண்டு.

விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்விக்கு உரியது. விளக்கத் தெரியாததை அடித்துவிடுங்கள்.

ஒரு மூச்சில் எத்தனை மூலக்கூறுகள் என்று கேட்டார்களாம். இதையெல்லாம் மனப்பாடம் செய்வதா? (மதுரை)

மனப்பாடமா! மூச்சு அரை லிட்டர். ஒரு மோல் வாயு சுமார் 24 லிட்டர். ஆக 0.02 மோல், அதாவது 10-இன் 22-ஆம் அடுக்கு. விடையைவிட இந்த வழிதான் அவர்களுக்கு வேண்டும். இதையும் போர்டில் எழுதுங்கள்.

உயிரியலுக்கும் கணக்குக் கேட்பார்களா? (நாகர்கோவில்)

கேட்பார்கள். பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) 30 சுற்று ஓடினால் ஒரு டி.என்.ஏ. எத்தனையாகும்? சுமார் 100 கோடி. நடைமுறையில் ஏன் அதைவிடக் குறைகிறது என்பது அடுத்த கேள்வி. நீங்கள் செய்ததாக எழுதும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் சோதனை) என்ன என்று யோசித்து வையுங்கள்.

கோட், டை அவசியமா? (கோவை)

இல்லை. சாக்பீஸ் தூள்தான் படும்.

சீனியர்கள் தொகுத்த கேள்வி பி.டி.எஃப். படித்தால் போதுமா? (பெயர், ஊர் இல்லை)

போதாது.

ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்) நேர்காணல் காலையில். அன்றே பெங்களூரு போய்ச் சேரலாமா? (ஈரோடு)

முந்தின நாளே போய்விடுங்கள். யஷ்வந்த்பூரில் நிற்கும் ரயில் கிடைத்தால் அங்கே இறங்குங்கள், அதுதான் பக்கம். அசல் சான்றிதழ்களைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.