அப்பாவின் விரலும் புது போனும்

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம். அப்பாவுக்கு 61 வயது. நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறார். நண்டு எடுக்கும் வியாபாரி இப்போது பணத்தை ஜிபேயில்தான் போடுகிறார். அது தம்பி கணக்குக்கு வருவதால், தன் காசை மகனிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று அப்பா வருத்தப்படுகிறார். புது போன் வாங்கிக் கொடுத்து மூன்று தடவை சொல்லிக் கொடுத்துவிட்டேன். "எனக்கு இதெல்லாம் ஏறாதுப்பா" என்கிறார். நானும் பொறுமை இழந்து கத்திவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அப்பாவுக்கு ஏறாமல் இல்லை. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்து வலை போட்ட தலைமுறைதான், ஜிபிஎஸ் வந்ததும் வலை கிடக்கும் இடத்தைப் பதிந்துவைத்துப் போய் எடுக்கப் பழகியது. யாரும் வகுப்பு நடத்தவில்லை. அதில் தப்பாக அழுத்தினால் இன்னொரு முறை அழுத்திக்கொள்ளலாம். ஜிபேயில் தப்பாக அழுத்தினால் ஒரு நாள் பாடு போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாயைத் திறக்காமல் அவர் விரலை மட்டும் பாருங்கள். கயிறும் உப்புத்தண்ணீரும் தின்ற விரல் அது. பொத்தானை அழுத்திப் பழகியவர் என்பதால் திரையையும் அழுத்திப் பிடிப்பார். போனோ அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். திரையில் இருக்கும் செயலியின் படம் இடம் மாறும், சில நேரம் காணாமலே போகும். "போச்சு, என்னமோ ஆயிருச்சு" என்று போனைக் கீழே வைத்துவிடுவார். அவர் கற்ற பாடம் அன்றைக்கு அதுதான். கடலோர ஊர்களில் பெரியவர்களோடு உட்கார்ந்து பழக்கும்போது நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிடமாக்குங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்பில் நான்கு படங்கள் போதும். ஈரக் கையில் திரை சரியாக வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதையும் தன் தப்பாக எடுத்துக்கொள்வார்.

முதல் பாடம் பணமாக இருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பப் பழக்குங்கள். பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 வானொலி உங்கள் பக்கத்தில் எடுபட்டதற்குக் காரணம், கடல்காரர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசியதுதான். அப்பாவிடமும் சொல்ல விஷயம் இருக்கிறது. வாடை எப்படி அடிக்கிறது, இன்றைக்கு எத்தனை கிலோ, என்ன விலை என்று தினமும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் குரலிலேயே பதில் போடுங்கள். இரண்டு வாரத்தில் விரல் பழகிவிடும்.

பிறகு வங்கி. அப்பாவின் கணக்கில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அங்கே மகன் எண் கிடக்கும். கணக்கில் பதிந்த எண்ணின் சிம் அப்பா போனில் இருந்தால்தான் யுபிஐ, அதாவது ஜிபே பணம் அனுப்பும் வழி, ஓடும். அவரை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய் மாற்றுங்கள். முடிந்தால் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதை மட்டும் ஜிபேயில் இணையுங்கள். வியாபாரி பணம் அதில் வரட்டும். வாரம் ஒருமுறை செலவுக்கு மட்டும் வைத்துவிட்டு மீதியைப் பழைய கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தப்பு நடந்தாலும் மொத்தமும் போகாது என்று தெரிந்தால் கை நடுங்காது.

இனிப் பணப் பாடம். போன் அவர் கையிலேயே இருக்கட்டும். "கொண்டாங்க, நான் பண்றேன்" என்று நீங்கள் வாங்கும் நொடியில் பாடம் முடிந்துவிடும். மூன்று தடவையும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் இருப்பு பார்க்கட்டும். அடுத்து உங்களுக்கு ஒரு ரூபாய் அனுப்பட்டும், நீங்கள் திருப்பி அனுப்புங்கள். பத்து முறை. ஒவ்வொரு முறையும் பெயரை உரக்கப் படித்த பிறகே ரகசிய எண்ணான பின் (PIN) எண்ணைப் போட வேண்டும். பின் எண்ணை அவரே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் தம்பிக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் மனப்பாடமாக்குங்கள்: பணம் வர பின் எண் தேவையே இல்லை. அனுப்பவும் இருப்பு பார்க்கவும்தான் தேவை. "பணம் போடுறேன், இதை ஸ்கேன் பண்ணி பின் அடிங்க" என்று யார் சொன்னாலும், வங்கி ஆள் என்று சொன்னாலும், போனைத் துண்டித்துவிட வேண்டும். அப்படியும் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அந்த நான்கு எண்களையும் போன் உறையின் பின்பக்கம் தடித்த மையால் எழுதிவையுங்கள். போன் செய்துவிட்டு அடுத்து உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் கத்தக் கூடாது.