கிரேக்கப் புராணங்களில் வரும் நயாடுகள் யார்? ஊற்றுக்கு எதற்கு ஒரு தேவதை?

நன்னீர் ஊற்று, ஓடை, ஏரி ஆகியவற்றில் குடியிருப்பதாகப் பழங்காலக் கிரேக்கர்கள் நம்பிய இளம்பெண் தேவதைகள்தான் நயாடுகள். பொதுவாக ஓர் ஊற்றுக்கு அதற்கே உரிய தேவதை உண்டு. எண்ணெயும் சுடரும் போல நினைத்துக்கொள்ளுங்கள்: ஊற்று வற்றினால் அவளும் மறைந்துவிடுவாள்.

சரி, இந்த நம்பிக்கை ஏன் வந்தது? கிரேக்க நாட்டில் கோடையில் மழை அரிது. நிலமோ பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. குளிர்கால மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, எங்கோ தொலைவில் குளுகுளுவென்று பீறிட்டு வரும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கையில் ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் சுரந்தால், அங்கே உயிருள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றத்தானே செய்யும்? அதனால்தான் ஊற்றங்கரையில் மாலையும் மண்பொம்மையும் படைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவள் அரெத்தூசா. ஆற்றுத் தெய்வம் அல்பேயுஸ் துரத்த, வேட்டைப் பெண்தெய்வம் ஆர்ட்டெமிஸ் அவளை நீராக மாற்றினாள். கடலுக்கடியில் ஓடிய அவள், இத்தாலியை ஒட்டிய சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில் ஊற்றாக வெளிப்பட்டாள் என்பது கதை. அந்த ஊற்று இன்றும் இருக்கிறது! நடுவே பாப்பிரஸ் புற்கள். சுவருக்கு அப்பால் உப்புக்கடல். கி.மு. 5ஆம் நூற்றாண்டு வெள்ளிக்காசுகளில் அவள் முகத்தைச் சுற்றி டால்பின்கள் நீந்துகின்றன.

அப்புறம், பலர் இவர்களை மீன்வால் கடற்கன்னிகள் என்று நினைக்கிறார்கள். நயாடுகளுக்கு வாலும் இல்லை, கடலும் அவர்கள் இடமில்லை. கடலில் வாழ்பவர்கள் நெரெயிடுகள் என்ற வேறு தேவதைகள்.