கேளுங்க, சொல்றேன்: உலுரு மேல ஒரு சாயங்காலம்

கேள்வி: அக்கா, எனக்கு 62 வயசு. பையன் சிட்னில இருக்கான், வர்ற ஜூன்ல ஆஸ்திரேலியா நடுவுல இருக்கற உலுருங்கற பெரிய பாறைக்கு கூட்டிட்டு போய் சூரியன் மறையற நேரத்துல ஹெலிகாப்டர்ல ஏத்தி காட்டறேங்கறான். எனக்கு மூட்டு வலி, பயமும் இருக்கு. அவ்ளோ காசு குடுத்து போகணுமா?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: போயிட்டு வாங்கம்மா. மூட்டு வலி இருக்கறவங்களுக்குத்தான் இது ரொம்ப பொருத்தம்னு சொல்வேன், ஏன்னா உலுருவ நடந்து சுத்தணும்னா சுத்தளவே 9.4 கிலோமீட்டர், உங்களால முடியாது. ஹெலிகாப்டர்ல ஏறுற படி மட்டும் கொஞ்சம் உயரமா இருக்கும், முன்னாடியே சொல்லிட்டா கை புடிச்சு ஏத்தி விடுவாங்க. அவங்க வாங்கன்னு சொல்ற வரைக்கும் நின்ன இடத்துலயே நில்லுங்க, வால் பக்கமா மட்டும் போகவே கூடாது, அங்க சுத்தற சின்ன விசிறி சுத்தும்போது கண்ணுக்கே தெரியாது.

புக் பண்ணும்போதே எடை கேப்பாங்க, அங்க போனதும் மெஷின்லயும் நிக்க வெப்பாங்க, கூச்சப்படாதீங்க. சின்ன ஹெலிகாப்டர்ல எடைய பாத்துத்தான் யார் எங்க உக்காரணும்னு பைலட் முடிவு பண்ணுவார்.

வயித்த பிரட்டுமோன்னு பயமா இருந்தா சாயங்காலம் நல்ல நேரம்தான், மத்தியானம் தரை கொதிச்சு காத்து மேல கிளம்பறதுலதான் தூக்கி தூக்கி போடும், தரை ஆற ஆற அது குறைஞ்சிடும். இங்கேருந்து இஞ்சி மரப்பா கொண்டு போனீங்கன்னா சிட்னி ஏர்போர்ட்ல மறக்காம டிக்ளேர் பண்ணிடுங்க, திங்கற பொருள் விஷயத்துல அவங்க ரொம்ப கறார்.

பையன் கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உலுரு மட்டும் காட்டற கால் மணி நேர ரைடு வேணாம், அதுக்கு மேற்கால இருக்கற காட்டா ஜூட்டாங்கற பாறைக்கூட்டமும் சேர்ந்து வர்ற அரை மணி நேர ரைடு போடச் சொல்லுங்க. காசு கூடத்தான், ஆனா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உலுரு தரைலேருந்து 348 மீட்டர், காட்டா ஜூட்டால பெரிய பாறை 546 மீட்டர், அப்படி 36 பாறை கூட்டமா நிக்குது, அந்த பேருக்கே பல தலைகள்னுதான் அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல பறக்கும்போது கிழக்கால பாத்தா சூரியன் நம்ம முதுகுப்பக்கம், அந்த வெளிச்சம் நேரா மேல விழுந்து உலுரு தணல் மாதிரி ஜொலிக்கும், மேற்கால திரும்பினா அதே சூரியன் காட்டா ஜூட்டாவுக்கு பின்னாடி இருக்கும், பாறையெல்லாம் கருநீலமா, இடுக்கு வழியா மட்டும் வெளிச்சம் கீத்து கீத்தா வரும். ஒரே நிமிஷத்துல ரெண்டையும் பாத்துடலாம், கீழ நின்னு அப்படி பாக்கவே முடியாது.

கேள்வி: ஜன்னல் வழியா போட்டோ எடுத்தா நல்லா வருமா? கதவு திறந்திருக்குமா?
ஒரு வாசகர், கோவை

பதில்: நான் போனப்ப கதவு மூடித்தான் இருந்துது. வெளிர் மஞ்சள் குர்தா போட்டுட்டு போயிட்டேன், ஜன்னல்ல அது பிரதிபலிச்சு பாதி போட்டோல பாறைக்கு மேல என் குர்தாதான் மஞ்சளா தெரியுது, இன்னிக்கும் மனசு ஆறல. கருப்பு இல்லன்னா அடர் நீலம் போட்டுக்கோங்க. செல்போன ஜன்னல் கிட்ட கொண்டு போங்க, ஆனா ஒட்டி வெக்காதீங்க, அதிர்வு அப்படியே படத்துல இறங்கிடும். கேமரான்னா ஷட்டர் வேகத்த செகண்டுல 500ல ஒரு பங்கு, இல்லன்னா அதவிட வேகமா வெச்சுக்கோங்க, போலரைசர் ஃபில்டர கழட்டிடுங்க, பிளாஸ்டிக் ஜன்னல்ல அது வானவில் திட்டு திட்டா காட்டும்.

முதல் அஞ்சு நிமிஷம் எதையுமே எடுக்காதீங்க, சும்மா பாருங்க. பாலைவனம்னா மஞ்ச மணல்னு நினைச்சுட்டு போனவ நான். கீழ அத்தனையும் செம்மண்ணு, அதுல ஸ்பினிஃபெக்ஸ் புல்லு உருண்டை உருண்டையா, வாசல் நிறைய புள்ளி வெச்சு கோடு இழுக்காம விட்ட கோலம் மாதிரி. உலுரு மேல நீள நீளமா வரி ஓடும், வாழை இலைய வெளிச்சத்துல தூக்கி பாத்தா நரம்பு தெரியுமே அப்படி. மணல் படிஞ்ச அடுக்குங்க அதெல்லாம், 55 கோடி வருஷம் முன்னாடி படிஞ்சது, அப்புறம் பூமி முறுக்கினதுல கிட்டத்தட்ட செங்குத்தா நின்னுடுச்சு.

கேள்வி: பாறை நிறம் மாறுதுன்னு சொல்றாங்களே, ஏன்?
ஒரு மாணவி, மதுரை

பதில்: பாறைல இருக்கற இரும்பு துருப்புடிச்ச நிறம்தான் அந்த சிவப்பும்மா, குகைக்குள்ள காத்து மழை படாத இடத்துல பாத்தா சாம்பல் நிறமா இருக்கும், அதுதான் அதோட சொந்த நிறம். சாயங்காலம் சூரியன் தாழ இருக்கறதால வெளிச்சம் காத்துல ரொம்ப தூரம் வரணும், நீலம் வழியிலயே சிதறிடும், வந்து சேர்றது சிவப்பும் ஆரஞ்சும்தான், அது ஏற்கெனவே சிவந்த பாறை மேல விழுது. காட்டா ஜூட்டா வேற வகை, கூழாங்கல்லையும் குண்டுக்கல்லையும் போட்டு கான்கிரீட் கொட்டின மாதிரி.

கேள்வி: ஹெலிகாப்டர் பாறை உச்சில இறக்குவாங்களா? ஏறி பாக்கலாமா?
ஒரு வாசகர், சேலம்

பதில்: ரெண்டும் கிடையாது. அது அந்த மண்ணோட பூர்வகுடிகளான அனாங்கு மக்களோட புனித இடம். 1985 அக்டோபர் 26ல அந்த நிலத்த அரசாங்கம் அவங்க கைல திருப்பி குடுத்துச்சு, ஏறவேணாம்னு அவங்க எத்தனையோ வருஷமா கேட்டுட்டே இருந்தாங்க, 2019ல அதே அக்டோபர் 26லேருந்து ஏறறத நிறுத்தியே விட்டாங்க. நம்ம ஊர் கருவறைக்குள்ள யாராவது செல்போன தூக்கிட்டு போனா நமக்கு எப்படி இருக்கும்? சில பக்கங்கள படம் எடுக்காதீங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க, கீழ நடக்கறப்ப அத கவனிங்க. ஹெலிகாப்டரும் தள்ளியே, அதுக்குன்னு வெச்சிருக்கற வழிலதான் போகும்.

திருச்சி அம்மாவுக்கு இன்னொண்ணு. ஜூன்ல அங்க 6 மணி வாக்குல சூரியன் மறையும், டிசம்பர்னா ஏழரை ஆகிடும், ஹெலிகாப்டர் இருட்டறதுக்குள்ள இறங்கியாகணும். இறங்கினதும் ரூமுக்கு ஓடாதீங்க, பாறை தெரியற எடமா பாத்து அரை மணி நேரம் நில்லுங்க, அதுக்கப்புறமும் நிறம் மாறிக்கிட்டே இருக்கும். ஸ்வெட்டரும் மப்ளரும் கைலயே இருக்கட்டும், அந்த மாச ராத்திரி அஞ்சு டிகிரிக்கு போகும்.