2147483647 பகா எண்ணுன்னு கம்ப்யூட்டர் இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

இது 2^31 − 1, அதாவது மெர்சென் பகா எண் (2-ஓட அடுக்குல இருந்து 1-ஐக் கழிச்சா வர்ற பகா எண்). 1772-ல கணித மேதை ஆய்லர் இத நிரூபிச்சு, பெர்னூலிங்கிற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதுன லெட்டர்ல சொன்னாரு, அப்போ அவருக்குக் கண் பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு.

இதோட வர்க்கமூலம் 46340-க்குக் கொஞ்சம் மேல, அதனால அதுவரைக்கும் உள்ள பகா எண்களால வகுத்துப் பாத்தா போதும், ஆனா அதுவே ஆயிரக்கணக்குல இருக்கு. இங்கதான் அழகே. p-ங்கிற பகா எண் இத வகுத்தா, ஃபெர்மாவோட சின்ன தேற்றப்படி p − 1-ஐ 31 வகுக்கணும், p ஒற்றைப்படைங்கறதால 62-ம் வகுக்கும். அப்புறம், p-ஆல வகுத்து மீதி பாத்தா 2^32-ம் 2-ம் ஒண்ணு, 2^32 ஒரு வர்க்கம். இப்படி ஒரு வர்க்கத்த p-ஆல வகுத்து மீதி 2 வந்தா, p-ஐ 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 தான்னு ஒரு தேற்றம் இருக்கு. ரெண்டையும் சேத்தா p வந்து 248k+1 இல்லன்னா 248k+63 (k ஒரு முழு எண்).

இப்போ பாருங்க: 63 பகா எண் இல்ல, 249 = 3×83, அதுவும் போச்சு, முதல்ல சிக்குறது 311, வகுத்தா மீதி 35. அடுத்தது நேரா 1303! இப்படியே போனா நூத்துக்கும் கம்மியான வகுத்தல்தான், எதுவுமே மீதியில்லாம வகுக்காது.

இன்னொண்ணு, இத 2^30-ஆல பெருக்குனா வர்ற 2305843008139952128 ஒரு நிறைவு எண், அதாவது தன்னைத் தவிர மத்த வகுஎண்களோட கூட்டுத்தொகை அதே எண்தான்.